பவானி போட்ட வயசுக் கணக்கு

"அந்தப் பக்கம் போனா குறி மாறும் டீச்சர்!"

எட்டாம் வகுப்பே ஒரே குரலில் கத்தியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த நடுநிலைப் பள்ளிக்குக் கணக்கு டீச்சராக வந்த நாளிலிருந்து இந்த மந்திரத்தோடுதான் மல்லுக்கட்டு. கூட்டல் அந்தப் பக்கம் போனால் கழித்தல், பெருக்கல் போனால் வகுத்தல். சமக்குறி என்ன சோதனைச் சாவடியா, தாண்டும்போது சட்டை மாற்றிக்கொள்ள?

"ஏன் மாறுது? யாராச்சும் சொல்லுங்க."

தலைகள் குனிந்தன. பவானி மட்டும் எழுந்தாள்.

"எதுவும் எங்கயும் போவுல டீச்சர். ரெண்டு பக்கத்துலயும் ஒரே எண்ணைக் கழிக்கிறோம். இந்தப் பக்கம் இல்லாம பூடுது, அந்தப் பக்கம் கொறையுது. அவ்ளோதான்."

இதைச் சொல்ல ஒரு பிள்ளையாவது கிடைத்ததே என்று அன்றைக்கு எனக்குக் கொண்டாட்டம்.

வயசுக் கணக்கு வந்தபோது புத்தகத்தை மூடச் சொன்னேன். அதில் வரும் அப்பாவும் மகனும் யாரோ எவரோ. அவர்கள் வயது தெரிந்து இந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகப்போகிறது? அவரவர் வீட்டு ஆட்களை வைத்துக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது என் வழக்கம். அறிவழகன் தன் வீட்டு எருமையின் வயதைக் கேட்டான். அடுத்து பவானி வந்தாள்.

"எங்க மாமா வயசு என் வயசைப் போல ரெண்டு மடங்கு. அஞ்சு வருஷம் கழிச்சு ரெண்டு பேர் வயசையும் கூட்டினா நாப்பத்தொம்போது. இப்ப என் வயசு என்ன?"

பலகையில் இரண்டு வயதுக்கும் தனித்தனியாக ஐந்தைக் கூட்டினாள். மற்றவர்கள் ஒரு ஐந்தோடு நிறுத்தி மாட்டிக்கொள்ளும் இடம் அது. 3x + 10 = 49 என்று வந்தது. இரண்டு பக்கமும் பத்தைக் கழித்து, மூன்றால் வகுத்து, x = 13 என்று எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

"பிரமாதம். எந்த மாமா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "கட்டிக்கப் போற மாமா டீச்சர்!" என்றான் அறிவழகன்.

அவனை ஒரு அதட்டு அதட்டினேன். ஆனால் பவானி சிரிக்கவில்லை. மணி அடித்ததும் அவளைத் தனியே நிறுத்திக் கேட்டேன். அவள் அம்மாவின் தம்பி சேரன், சேத்தியாத்தோப்பில் ஆட்டோ ஓட்டுகிறவன். தை பிறந்ததும் கல்யாணம். அப்பா கேரளாவில் வேலையில் இருக்கிறார். வயசுக்கு வந்த பெண்ணைத் தனியாக வைத்துக்கொள்ள அம்மாவுக்குப் பயம்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்" என்று என் கையைப் பிடித்தாள்.

பிள்ளை பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலையே சிதம்பரம் பஸ் ஏறும் முன் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். தலைமையாசிரியர் சுப்புராயன் தலையில் கை வைத்துக்கொண்டார். "வேலில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிறீங்க, லோகநாயகி டீச்சர்" என்றார். கட்டிக்கொண்டால் கட்டிக்கொண்டதுதான் என்றேன்.

கடலூரிலிருந்து அதிகாரிகள் போலீசோடு வந்தார்கள். பதினெட்டு முடியும்வரை கட்டிக்கொடுக்க மாட்டேன் என்று அவள் அம்மா கொளஞ்சியம்மாள் கைநாட்டு வைத்தாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த வார இறுதியில் வடலூர் போய் ஜோதி பார்த்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை பவானி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தைப் பொங்கல் விடுமுறை முடிந்தும் வராததால் நானே அவள் வீட்டுக்குப் போனேன்.

கொளஞ்சியம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"இன்னும் என்னா டீச்சர் பாக்கி? போலீசு வந்த வூடுன்னு ஊரே சிரிக்குது."

"கல்யாணத்தைத்தானம்மா நிறுத்தினோம். படிப்பை ஏன் நிறுத்துறீங்க?"

"எழுதிக் குடுத்திருக்கேன், கட்டிக் குடுக்க மாட்டேன். பள்ளிக்கூடத்துக்கும் அனுப்ப மாட்டேன். வாயைத் தொறந்தது அங்கதானே? எந்தம்பி கண்டிப்பா சொல்லிட்டான். பதினெட்டு முடியறவரைக்கும் வூட்டுலயே கெடக்கட்டும்."

"படிக்க அனுப்பலன்னாலும் சட்டம் கேக்கும்."

"கேக்கட்டும். ஒடம்பு முடியலன்னு சொல்லிக்கிறேன். ஒரு தடவ வந்தவங்க தெனமும் வந்துகினா இருப்பாங்க?"

அதிகாரிகளுக்கு மறுபடி போன் செய்திருந்தேன். பார்க்கிறோம் என்றிருந்தார்கள்.

திரும்பி நடந்தேன். தெருக்கோடிக் குழாயடியில் பவானி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். தாவணி போட்டிருந்தாள். பள்ளிச் சீருடையில் இல்லாமல் அவளை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். என்னைப் பார்த்ததும் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரவில்லை.

"கவலைப்படாதடா. எப்படியாச்சும் ஒன்ன பள்ளிக்கூடத்துக்குக் கூட்டினு போறேன்" என்றேன்.

"எப்படி டீச்சர்?"

அதிகாரிகளிடம் திரும்பவும் பேசிப் பார்ப்பதாகச் சொன்னேன்.

"பத்தாவது வரைக்கும் படிக்க வெக்கிறேன்னு மாமா கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணாரு. அதுக்குத்தான் நான் கல்யாணத்துக்கு ஒத்துகினேன். ஒம்போதாவதுக்கு சிதம்பரத்துல சேக்கறதுக்கு ஸ்கூல்கூடப் பாத்து வெச்சிருந்தாரு."

பதின்மூன்று வயதில், பெரியவர்கள் யாரும் துணையில்லாமல், தனக்கு வேண்டியதற்கு என்ன விலை என்று கேட்டு, அதைக் கொடுக்கவும் துணிந்திருக்கிறாள். அப்படி ஒரு பேரத்துக்கு ஒரு குழந்தை போயிருக்கவே கூடாது. நான் செய்தது சரிதான். நாளைக்கே இன்னொரு பெண் வந்தாலும் போனை எடுப்பேன். இதையெல்லாம் அவளிடம் எந்த வாயால் சொல்வது?

"இதை அன்னைக்கே ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

குடம் நிரம்பி வழிந்தது. குழாயை மூடினாள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னேன். ஏன்னு நீங்க கேக்கவே இல்ல டீச்சர்."

குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.