அகலமான படகு

விஷ்ணுவுக்கு நீச்சல் தெரியாது. பொதட்டூர்பேட்டையில் லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறவனுக்கு நீச்சல் எதற்கு என்று கேட்கலாம். யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஆனால் அக்கா ஹேமாவதியைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை தீனதயாளன் காப்பி குடித்துக்கொண்டே, "தம்பிக்கு வேற இன்னா தெரியும்?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். இருபத்திரண்டு வயது விஷ்ணு தடுமாறிப்போய், "நீச்சல் நல்லா வரும்ங்க. ஏரியில இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்கு ஒரே மூச்சுல போவேன்" என்று சொல்லிவிட்டான்.

அதன்பிறகு இருபத்தோரு வருடமாகத் தீனதயாளன் அந்தப் பொய்யைத் தன் சொந்தப் பெருமை போலத் தூக்கிச் சுமந்தார். அரக்கோணத்தில் ரயில்வே வேலை அவருக்கு. கூட வேலை செய்கிறவர்கள், கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர்கள் என்று யார் கிடைத்தாலும், "இவன் என் மச்சான். நீச்சல்ல புலி" என்பார். விஷ்ணு அடக்கமாகச் சிரிப்பான். பார்க்கிறவர்களுக்கு அது தன்னடக்கமாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் தூண்டிலோடு பள்ளிப்பட்டு சாலையில் இருக்கும் பெரிய ஏரிக்குப் போவார்கள். கரையில் உட்கார்ந்தால் உள்ளங்கையளவு ஜிலேபி கெண்டைதான் மாட்டும். பெரிய மீனெல்லாம் ஏரி நடுவில், வேலமரங்கள் நிற்கும் திட்டைச் சுற்றித் துள்ளும். போன மாசி மாதம், இரண்டு முழ நீளத்துக்கு ஒன்று துள்ளியதைப் பார்த்த பிறகு தீனதயாளனால் கரையில் உட்கார முடியவில்லை.

"படகு வாங்கறோம்டா விஷ்ணு. வேன்ல போட்டுகினு வந்து, திட்டுல கூடாரம் அடிச்சு, ஒரு ராத்திரி தங்கி, மீன் புடிச்சு வறுத்துத் தின்னுட்டு வர்றோம்."

"படகு எதுக்குங்க பாவா? கரையே காத்தோட்டமா இருக்குது."

"தண்ணிக்குப் பயப்படாத ஒரு ஆளு கூட இருக்கும்போது எனக்கின்னா கவலை? எனக்கு நீச்சல் தெரியாது. உனக்குத் தெரியும். முடிஞ்சுது."

விஷ்ணு தூண்டில் முள்ளில் புழுவை மாட்டக் குனிந்துகொண்டான்.

அடுத்த ஞாயிறு தீனதயாளன் அவனைத் தன் வீட்டு மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார். தரையில் சாக்பீஸால் மூன்று படகுகள், நிஜமான அளவில். டேப் வைத்து அளந்து வரைந்திருந்தார். முதலாவது கயாக்: பாம்பு மாதிரி நீளம், ஒடிசல். இரண்டாவது, பெட்டி மாதிரி மடித்து எடுத்துப் போகும் பிளாஸ்டிக் படகு. மூன்றாவது, பம்பால் காற்றடிக்கும் ரப்பர் படகு. கல்யாண ஜமக்காளம் அளவுக்கு அகலம்.

"உக்காந்து பாத்தாதான் தெரியும். ஏறு."

விஷ்ணு கயாக்கில் ஏறினான். சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே அவன் தொடை இரண்டு பக்கமும் பிதுங்கியது. காய்ந்த தரையில் உட்கார்ந்திருக்கும்போதே அவனுக்கு ஆடுவது போலிருந்தது.

"இது வேணாம் பாவா. அகலம் பத்தாது."

"அகலம் எதுக்கு? இது தண்ணியைக் கிழிச்சுகினு போவும்."

"ஸ்டவ்வு எங்க வெப்பீங்க? கூடாரம், அரிசி, தண்ணி கேனு? அதோ அந்த ரப்பர் படகுதான் சரி. காத்து அறை தனித்தனியா நாலு இருக்குது. ஒண்ணு ஓட்டையானாலும் மூணு தாங்கும்."

"ஓட்டையானா நீ நீந்தி வந்து என்னையும் இழுத்துகினு வர மாட்டியா?" என்று தீனதயாளன் சிரித்தார். "இன்னொண்ணு கேளு. கயாக் வாங்கினா கடைக்காரர் ஒரு லைஃப் ஜாக்கெட் சும்மா தர்றாராம். அதை நான் போட்டுக்கறேன். உனக்குத்தான் தேவையில்லையே."

அப்போது காயவைத்த மிளகாயை அள்ள ஹேமாவதி மாடிக்கு வந்தாள். நேராக மூன்று படகுகளையும் மிதித்துக்கொண்டு நடந்தாள்.

"ஏய் ஹேமா, பாத்து! தண்ணில நடக்கற!"

"தண்ணியா? எனக்கு மிளகாதான் தெரியுது" என்றவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் கிணற்றடியில் ஒரு குடம் தண்ணீர் தலையில் கொட்டினால்கூட அலறினவன் அவன். சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு, கணவர் பம்பு விலை பார்க்கக் கீழே இறங்கியதும் பக்கத்தில் வந்தாள்.

"நீயே சொல்லிடுடா. நான் சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் ஆர்டர் போடறாரு. அதுக்குள்ள சொல்லிடு."

"சொல்றேன்க்கா."

சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, நீச்சல் கற்றுக்கொண்டு பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று முடிவு செய்தான். அரக்கோணம் போகும் சாலையில் ஒரு பள்ளிக்கூட நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்குக் காலை ஆறு மணிக்கு வகுப்பு. வீட்டில் வாக்கிங் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தான். சொல்லித் தருகிற கயல்விழிக்கு முப்பது வயதுகூட இருக்காது. விசிலும் கையுமாகக் கரையில் நிற்பாள். முதல் நாள் தண்ணீரில் இறங்கவே விஷ்ணுவுக்கு அரைமணி நேரம் ஆனது. இரண்டாம் நாள் முகத்தை நனைத்தான். மூன்றாம் நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தான். முழங்கால் சுவரில் இடித்தது.

நான்காம் நாள் புதிதாக ஒருவர் வந்திருந்தார். தலையில் இறுக்கமான நீலத் தொப்பி, கண்ணை மறைக்கும் கண்ணாடி, பெரிய தொப்பை. விஷ்ணுவுக்கு இரண்டடி தள்ளி அதே கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பினார். தன்னைவிடப் பயந்த ஒருத்தர் இருக்கிறார் என்று விஷ்ணுவுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"மேடம், இது ஆழமா?" என்று அவர் கேட்டார்.

அந்தக் குரலைக் கேட்டதும் விஷ்ணு மூழ்கிவிடலாமா என்று யோசித்தான். அதற்கும் தெரிந்திருக்க வேண்டுமே. அவர் திரும்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"டேய் விஷ்ணு! நீ இங்க இன்னா பண்ற?"

"சும்மா... பழக்கம் விட்டுப் போவக் கூடாதுன்னு..."

மேலேயிருந்து விசில் சத்தம். "விஷ்ணு சார்! நாலு நாளா சொல்றேன். கம்பியை விடுங்க. இடுப்பளவு தண்ணி சார், ஒண்ணும் ஆவாது!"

தீனதயாளன் தண்ணீரைப் பார்த்தார். மச்சானின் வெளுத்த விரல்களைப் பார்த்தார். வகுப்பு முடியும்வரை இருவரும் ஒரே கம்பியில் தொங்கிக்கொண்டு ஒரே தாளத்தில் காலை உதைத்தார்கள்.

வெளியே டீக்கடையில்தான் வாயைத் திறந்தார்.

"இருபத்தோரு வருஷமா ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேனேடா."

"மன்னிச்சுக்குங்க பாவா. அன்னிக்கு உங்களைப் பாத்து பயந்துட்டேன். அப்புறம் நீங்க சொல்லச் சொல்ல, எப்பிடி இல்லேன்றது?"

"நாளைக்கு ஏரில நான் விழுந்தா?"

அதைத்தான் விஷ்ணு பத்து நாளாக நினைத்து நினைத்துத் தூங்காமல் கிடந்தான். "அதான் பாவா, கத்துக்க வந்தேன். நீங்க எதுக்கு வந்தீங்க?"

தீனதயாளன் டீயை ஒரு முறை ஆற்றினார். "நீ ஒருத்தன் என்னை இழுத்துகினு நீந்தணுமே, நூத்தி நாலு கிலோ ஆச்சேன்னு பாவமா இருந்துச்சு." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ மூக்கில் ஏறியது. கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் அளவுக்கு இருமினார்.

அன்று சாயங்காலமே தீனதயாளன் மாடியில் கயாக்கைக் காலால் தேய்த்து அழித்தார். மடக்குப் படகும் போனது. அதன் மூலைகளில் தண்ணீர் கசிவதாக வாங்கின ஒருவர் இணையத்தில் எழுதியிருந்ததை விஷ்ணு படித்துக் காட்டினான். மிஞ்சியது ரப்பர் படகு. அதிலும் ஒரு அளவு பெரிதாக எடுத்தார்கள். ஜாக்கெட் இரண்டு. வகுப்புக்குத் தினமும் ஒரே ஸ்கூட்டரில் போனார்கள். மாதக் கடைசியில் இருவரும் மல்லாக்க மிதந்தார்கள். நீந்தவில்லை, மிதந்தார்கள்.

ஏரிக் குத்தகைக்காரர் ஜம்புலிங்கத்திடம் சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை படகை இறக்கினார்கள். முதல் அரைமணி நேரம் அது இருந்த இடத்திலேயே சுற்றியது. கரையில் ஆடு மேய்த்த ஜெயம்மா கையை வாய்க்குக் குவித்து, "ரெண்டு பேரும் ஒரே பக்கம் தள்றீங்க! ஆளுக்கு ஒரு பக்கம் தள்ளுங்க!" என்று கத்தினாள். பிறகு படகு நேராகப் போனது.

திட்டை நெருங்கும்போது விஷ்ணுவின் தூண்டில் வளைந்தது. கட்லா. தண்ணீருக்கு மேல் வந்த தலையே தேங்காயளவு இருந்தது.

"விடாத! விடாத!" என்று வலையோடு தீனதயாளன் எழுந்து நின்றார். படகில் எழுந்து நிற்கக் கூடாது என்று பெட்டியிலேயே படம் போட்டிருந்தார்கள். அடுத்த கணம் நூற்றி நாலு கிலோவும் தண்ணீருக்குள்.

விஷ்ணு தூண்டிலைக் கைநழுவ விட்டான். யோசிக்கவே இல்லை. குப்புறப் படுத்து, மேலே வந்த ஆரஞ்சு நிற ஜாக்கெட்டின் தோள்பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் உடம்பு மார்பு வரை வெளியே தொங்கியது. படகு சாய்ந்தது, ஆனால் கவிழவில்லை.

"மல்லாக்க, பாவா! மேடம் சொன்ன மாதிரி! மல்லாக்க!"

தீனதயாளன் மல்லாந்தார். மிதந்தார். முகத்தில் ஆச்சரியம் தெரிந்தது. "டேய், வருதுடா!" என்றார். அவரை மேலே ஏற்றுவது முடியாத காரியம் என்று தெரிந்ததும், விஷ்ணு ஒரு கையால் அவரைப் பிடித்து, மறுகையால் துடுப்புப் போட்டு, கால் மணி நேரத்தில் திட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். தூண்டிலும் கட்லாவும் போன இடம் தெரியவில்லை.

திட்டில் தீனதயாளன் புத்தம்புது லுங்கி ஒன்றைச் சுற்றிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தார். ஸ்டவ்வைப் பற்றவைத்து முட்டையை வேகவைத்தார்கள். மீனுக்காக அரைத்துக் கொண்டுவந்த மசாலாவை முட்டையில் தடவிச் சாப்பிட்டார்கள். நன்றாகவே இருந்தது.

ஹேமாவதி விஷ்ணுவின் போனில் கூப்பிட்டுக் கேட்டாள்: "இன்னா, ஏதாவது புடிச்சீங்களா?"

"ஆங், உன் தம்பி ஒண்ணு புடிச்சான். நல்ல வெயிட்டு" என்றார் தீனதயாளன். "வந்து சொல்றேன்."

அடுத்த வாரம் அவளும் கிளம்பினாள். இன்னொரு ஜாக்கெட் வாங்கினார்கள். படகில் ஏறியதும் அவள் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, யாரும் எழுந்து நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, தூண்டிலைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.