அம்மா தலையில் வைத்த கை

“செத்துப் போயிரலாம்னு எப்பவாச்சும் தோணுதா, ரஞ்சனி?”

பாண்டீஸ்வரி அக்கா என் முகத்தைப் பார்த்தே கேட்டார். மம்சாபுரத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். வயசுப் பிள்ளைகள் மனசு ஒடிந்து கிடந்தால் எப்படிப் பேசுவது என்று பழக, மில்லிலிருந்து அவரை நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கடைசி ஞாயிறு அன்று பஸ்ஸை விட்டு இறங்கியவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“டாக்டரம்மா வந்துட்டாக. ஊசி போடுவியாட்டி?” என்று அடுப்படியில் புளி கரைத்தபடி கேலி பேசிய அம்மா, இந்தக் கேள்வி காதில் விழுந்ததும் அடங்கிப்போனாள்.

இரண்டு வருஷத்துக்கு முன், பத்தாம் வகுப்போடு நான் நின்ற சமயம், கிணற்று மேட்டில் வெகுநேரம் நின்றதை அம்மா பார்த்துவிட்டாள். அடிக்கவில்லை. என் கையைத் தன் உச்சந்தலையில் வைத்து, “இனிமே அந்த நெனப்பே வராதுன்னு சத்தியம் பண்ணு” என்றாள். பண்ணினேன்.

நினைப்பு போகவில்லை. அது வரும் நாளெல்லாம் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவளையே சுற்றிச் சுற்றி வருவேன். அவள் இருமினால் என்னால்தான். களை வெட்டப் போனவள் வரத் தாமதமானால் தெருமுனைக்கு ஓடிவிடுவேன். வாயால் சொல்லிவிட்டால் அந்த நிமிஷமே அவள் போய்விடுவாள் என்று நம்பினேன்.

பயிற்சியில் கொடுத்திருந்த தாளை அக்கா பார்த்தார். “நான் சத்தியம் கித்தியம் கேக்க மாட்டேன்ட்டி. கேக்கக் கூடாதுங்காக. சத்தியம் பண்ணின பிள்ள அடுத்த தடவ மறைச்சிருமாம். மொத வாரம் நடிச்சுக் காட்டச் சொன்னாக. நான் எடுத்ததுமே பிள்ளையா நடிச்சவ கையத் தூக்கி என் தலையில வச்சுட்டேன். எல்லாரும் சிரிச்சுட்டாக.”

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். விரல்களிலிருந்து புளித்தண்ணீர் சொட்டியது.

“தோணுது. முந்தாநாளும் தோணுச்சு” என்றேன்.

சொன்னவுடன் அம்மாவைத்தான் பார்த்தேன். அவள் நிலைக்கதவைப் பிடித்தாள். விழப்போகிறாள் என்று எழுந்துவிட்டேன். விழவில்லை.

“மதினி,” என்றார் அக்கா. தாளை மடித்து வைத்துவிட்டார். “காலையில பெரியாஸ்பத்திரிக்கு மூணு பேரும் போவோம். மனசுக்குப் பாக்குற டாக்டர் இருக்காக. அதுவரைக்கும் பிள்ளையத் தனியா விடாதீக. செடிக்கு அடிக்கிற மருந்து வீட்டுல இருந்தா எங்க வீட்டுக்காரர்ட்ட குடுத்துருங்க, பீரோவுல வச்சுப் பூட்டிருவாக. நான் இங்கனதான் இருக்கேன்.”

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா கொல்லைப்பக்கம் போனாள். ஏதோ உருட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது இரண்டு மருந்து டப்பாக்களைக் கோணிக்குள் போட்டுச் சுருட்டி இடுப்பில் இடுக்கியிருந்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.