மண்டபத்தில் தங்கிய குரல்கள்

பூங்காவை விற்கக் கூடாது என்று கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் வெளியே வரும்போது குரல் இல்லாமல் வந்தார்கள். நல்ல திட்டம் என்று பேசியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசலில் நின்று டீயில் சர்க்கரை போதவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

குரலை இழந்தவர்களில் பேருந்து நிலையத்து அறிவிப்பாளரும் ஒருத்தி. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. கணவர் நாற்காலிக்கு வயர் பின்னுகிறவர். பிறவியிலேயே கண் தெரியாது. தெருவில் இறங்கினால் கையில் கம்பு, ஒவ்வொரு ஹாரனுக்கும் ஒரு பதுங்கல். அரசுப் பூங்காவின் ஏரிக்கரையில் மட்டும் கம்பு வேண்டாம். அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே முன்னால் போவாள். அவர் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையையும் வீசி, ராஜா மாதிரி பின்னால் நடப்பார். கல்யாணம் ஆனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்களுக்கு அதுதான்.

அந்தக் கரையை அரசு ஒரு விடுதிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வேறு நிலம் வாங்கப் போவதாகச் சொன்னது. வேறு நிலம் எங்கே என்றால் வரைபடத்தில் இருக்கிறது என்றார்கள். வரைபடம் அலுவலகத்தில் இருந்தது, அலுவலகம் பூட்டியிருந்தது. கூட்டத்துக்கான அறிவிப்பைக்கூட அந்தக் கதவின் உள்பக்கம்தான் ஒட்டியிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஆனாலும் விஷயம் கசிந்தது. வேலை நாள் என்றும் பாராமல் ஜனங்கள் லீவு போட்டுவிட்டு வந்து மண்டபத்தை நிரப்பினார்கள்.

அவள் மைக்கைப் பிடித்து, "என் வீட்டுக்காரர் கம்பு இல்லாம நடக்கிறது அந்த ஒரு இடத்துலதாங்க. அதையும் எடுத்துக்கிட்டா அவர் எங்கதான் போவார், சொல்லுங்க" என்று கேட்டாள். மேடையில் இருந்த அதிகாரி தலையாட்டினார். வெளியே காத்திருந்த கணவரிடம் வந்து, போகலாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அதிகாரியோ, "உங்க கருத்தெல்லாம் பரிசீலனையில இருக்கும்மா, முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துடுவோம்" என்றார். அதோடு சரி, கிணற்றில் போட்ட கல். கூட்டத்துக்கு முந்தின வாரமே கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. கேட்டவர்களுக்கு வயிறு எரிந்தது. ஆனால் கத்தக்கூடியவர்கள் யாரிடமும் குரல் இல்லை.

பேருந்து நிலையத்தில் அவளைத் தரை துடைக்க மாற்றினார்கள். ஏரிக்கரையைச் சுற்றி மதில் எழும்பியது. வீட்டில் அவள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று தெரியாமல் கணவர் சுவரைத் தடவிக்கொண்டு கூப்பிடுவார்; அவள் தட்டில் கரண்டியால் தட்டிப் பதில் சொல்வாள். அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கவேயில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் மண்டபத்துக் காவலாளி வந்தார். "அண்ணா, உங்க வீட்டம்மா மண்டபத்துக்குள்ள பேசிக்கிட்டே இருக்காங்க. மத்தவங்களும்தான். பூட்டி வச்சும் அடங்க மாட்டேங்குது" என்றார்.

வருஷங்கள் போயின. விடுதி கட்டி முடிந்து, பழசாகி, இன்னொருவர் கைக்குப் போனது. பதில் நிலம் இன்றைக்கும் வரைபடத்தில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் மண்டபத்துப் படியில் உட்கார்ந்திருப்பார்கள்; காவலாளி விரட்டுவதில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் அவள் குரல், அவர் எங்கதான் போவார் என்று கேட்டுக்கொண்டிருக்கும். இருட்டுகிற நேரத்தில் அவள் எழுந்து அவர் தோளைத் தொடுவாள். அவர் அந்தக் கையைப் பிடித்து உட்கார வைப்பார்.

"இரு. நீ இன்னும் பேசி முடிக்கல."

அவள் உட்கார்ந்துகொள்வாள்.