புதுப்பொண்ணு வச்ச சலாம்

கொழுந்தன் ஓய்பெக்கோட ரெண்டாவது கல்யாணத்துக்குப் பலாவ் அண்டா அடுப்புல ஏறினப்ப எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. மொதப் பொண்டாட்டி சுல்ஹுமோரை, வேலைக்குப் போன ரஷ்யாவுலேருந்து போன்லயே மூணு தலாக் சொல்லி அனுப்பிட்டான். பிள்ளை இல்லையாம்!

பெத்தாளேய்யா ஒண்ணு! ஆம்பளப் பிள்ளை. நாப்பது நாள் கழியறதுக்குள்ள காய்ச்சல்ல போயிடுச்சு. அப்புறம் எதுவும் தங்கல. குளிர்காலத்துக்குக் குளிர்காலம் ஓய்பெக் வருவான், போவான். அத்தை அவளை தர்கா தர்காவா இழுத்துட்டு அலைஞ்சாங்க. "ஒரு தடவை டாக்டர்ட்ட காட்டுவோமே அத்தை"ன்னு நான் கெஞ்சினேன். "எம் மருமக கண்டவன் முன்னால துணியைத் தூக்கணுமா? வாயை மூடுடி வெக்கங்கெட்டவளே!"ன்னாங்க. மூடிக்கிட்டேன்.

தலாக்குக்கு அப்புறம் அம்மா வீட்டுக்குப் போன கொஞ்ச நாள்ல அவளுக்கு அடிவயித்துல தாங்க முடியாத வலி. நமங்கான் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. பார்த்த டாக்டரம்மா கேட்டாங்களாம்: "கருத்தடை லூப்பை உள்ள வச்சுக்கிட்டு பிள்ளை இல்லைன்னா எப்படிம்மா?" ஆஸ்பத்திரியில பிரசவம் பார்த்த கையோட வச்சுவிட்டிருக்காங்க, பாவிங்க. அவளைக் கேக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில எங்க வழக்கப்படி புதுப்பொண்ணு முகத்தை மூடிக்கிட்டு முற்றத்துல நின்னா. பாட்டுக்காரம்மா ஒவ்வொரு சொந்தமா பேர் சொல்லிப் பாட, அவ குனிஞ்சு குனிஞ்சு சலாம் வச்சா. அப்பதான் சுல்ஹுமோர் வாசக்கதவைத் தள்ளிக்கிட்டு வந்தா. நேரா அத்தைகிட்ட போய் கைக்குட்டையை அவிழ்த்து, மெதுவாச் சொன்னா.

"இது என் வயித்துக்குள்ள இருந்துச்சு அத்தை. நான் மலடி இல்ல."

அத்தை முகம் செத்துப்போச்சு. "ஐயோ, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"தெரிஞ்சாத்தானே சொல்ல? எங்க டாக்டரைப் பார்க்க விட்டீங்க?"

பக்கத்துல நின்ன ஓய்பெக் அழுதான். அழுது என்ன? சொன்ன தலாக் சொன்னதுதான்.

ஒண்ணும் புரியாத பாட்டுக்காரம்மா, "இப்ப வந்தவங்களுக்கும் ஒரு சலாம்!"னு பாடிட்டா. முக்காட்டுக்குள்ள இருந்தவளுக்கு ஆள் தெரியல, நல்லாக் குனிஞ்சா. சுல்ஹுமோர் அவ தோளைப் பிடிச்சு நிமித்தினா.

"தங்கச்சி, உனக்குப் பிள்ளை பொறந்ததும், உள்ள என்ன வச்சீங்கன்னு டாக்டரைக் கேளு. வெக்கப்படாம கேளு, என்ன?"

"சரிக்கா. நீங்க எனக்கு என்ன உறவு?"ன்னு உள்ளேருந்து ஒரு சின்னக் குரல்.

சுல்ஹுமோர் அவ முக்காட்டைச் சரிபண்ணிட்டு வெளிய போயிட்டா. அந்தப் பொண்ணு அதையே என்கிட்ட கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல?