போதும் என்று சொல்ல ஓர் ஆள்

அனைவருக்கும் தெரிவித்துக்கொள்வது யாதெனில், மணப்பெண்ணின் தந்தையாகிய என் இரைப்பை, மருத்துவர்களின் சீரிய முயற்சியால், எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருக்கப்பட்டுவிட்டது. வெட்டியெடுத்த மீதி வயிறு பாளையங்கோட்டையில் தனியாகக் குடியிருக்கிறது. என் மகள் கோமதியின் நிச்சயதார்த்தத்துக்கு அதையும் அழைத்திருந்தோம். அழைக்காவிட்டால் நன்றாக இருக்காது.

பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்தது. பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தது.

"சௌக்கியமா?" என்றேன்.

"உன்னை விட்டு வந்ததுல இருந்து நல்லாருக்கேன்," என்றது.

மாப்பிள்ளை வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணின் தந்தை சாப்பிட்டு, போதும் என்று சொன்ன பிறகே தாம்பூலத் தட்டை மாற்றுவார்கள். முதல் போதும் மரியாதைக்கு. இரண்டாவது கூச்சத்துக்கு. மூன்றாவதைத்தான் நம்புவார்கள். நம்பும்வரை ஒவ்வொரு போதுமுக்கும் இலையில் ஒரு கரண்டி விழும்.

எனக்குக் குழைத்த பருப்புச் சோறு ஒரு கரண்டிதான். அதை மாவாக மென்று விழுங்கவேண்டும். கூடவே தண்ணீர் குடிக்கக் கூடாது. நிறைந்ததும் விக்கல் வரும். விக்கலுக்கு மேல் எது உள்ளே போனாலும் போன வழியே திரும்பி வரும்.

மாப்பிள்ளையின் தந்தை சங்கரலிங்கம் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. எந்த இலாகா என்று அவருக்கே மறந்துவிட்டது. பந்தியிலும் மைக்கோடுதான் நடப்பார்.

பந்தியில் விக்கினால் ஊரே தண்ணீர் கொடுக்கும். அதற்குப் பயந்து ஒரு வாயோடு நிறுத்தினேன்.

"போதும்," என்றேன்.

"பொண்ணோட அப்பாவுக்கு இந்த இடம் பிடிக்கல போலுக்கு," என்று சங்கரலிங்கம் மைக்கில் அறிவித்தார்.

"பிடிச்சிருக்கு. வயிறுதான் இல்ல."

"அதான் பக்கத்துலயே இருக்கே."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வயிறு மறுபடியும் சாம்பார் வாங்கிக்கொண்டிருந்தது. சங்கரலிங்கத்தின் முகம் மலர்ந்தது.

"சம்பந்தின்னா இப்படில்லா இருக்கணும். இவரு போதும்னு சொல்லட்டும், தட்டை மாத்திருவோம்."

என் மனைவி உலகம்மாள் அப்பளக் கூடையோடு வந்தாள்.

"நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அவுகளுக்கு எடம் பத்தல," என்றாள்.

இலையோடு தள்ளி உட்கார்ந்தேன். நான் தள்ளத் தள்ளக் கூடம் நீண்டது. கொஞ்ச நேரத்தில் மேடையில் இருந்த கோமதி கடுகு அளவுக்குத்தான் தெரிந்தாள்.

ஒரு சிக்கல் இருந்தது. வயிற்றுக்குப் போதும் என்ற சொல் தெரியாது. எங்களைப் பிரித்தபோது அது என் பங்குக்கு வந்துவிட்டது.

வயிறு சோற்றை முடித்தது. பாயச அண்டாவை முடித்தது. வாசலில் கட்டியிருந்த வாழை மரங்களை முடித்தது. சங்கரலிங்கம் வரவேற்புரை ஆற்றத் தொடங்கினார். அதையும் பாதியில் தின்றுவிட்டது. அவர் வாய் அசைந்தது, பேச்சு வரவில்லை. கூட்டம் கைதட்டியது.

பிறகு வயிறு தாம்பூலத் தட்டைப் பார்த்தது.

கோமதி மேடையிலிருந்து இறங்கி என்னிடம் நடந்து வந்தாள். தூரம் அதிகம். வந்து சேர்வதற்குள் தலையில் வைத்த மல்லிகை வாடியிருந்தது.

"யப்பா, அது தட்டைத் தின்னுட்டுன்னா என் கல்யாணம் அம்புட்டுதான்."

"நான் போதும்னா யாரு நம்புதா?"

"நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். சாப்பிடுங்க."

என் இலையில் மிச்சமிருந்த பருப்புச் சோற்றை எடுத்து நீட்டினாள். மென்றேன். மண்டபம் காத்திருந்தது. வயிறு தட்டை நோக்கிக் கையை நீட்டியது. விழுங்கினேன்.

விக்கல் வந்தது.

பழக்கதோஷத்தில் மண்டபமே தண்ணீர் டம்ளரோடு ஓடி வந்தது. கோமதி குறுக்கே நின்றாள்.

"யாரும் தண்ணி குடுக்காதிய. எங்க அப்பாவுக்கு நெறஞ்சிட்டு."

சங்கரலிங்கம் குனிந்து என் சட்டையில் காதை வைத்தார். மறுபடி விக்கினேன். நிமிர்ந்தார். பேச்சில் பெரும்பகுதி வயிற்றுக்குள் போய்விட்டதால் சுருக்கமாக முடித்தார்.

"மரியாதைக்கு விக்கின மாதிரி தெரியல. தட்டை எடுங்க."

தட்டு மாற்றினோம். மனிதனுக்கு நிறைவு என்பது என்னவென்று அந்தக் கணத்தில் எனக்கு விளங்கியது. உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வயிறு எழுந்து வந்து என் தோளில் கைபோட்டது.

அரை மணி கழித்து டிபன் போட்டார்கள்.