இடம் அடைக்காத வாலட்

"இருக்கறதுலயே எது கம்மியா இடம் எடுக்கும்னு பாத்துச் சொல்லுங்க எழில்" என்றார் அருண்குமார். பிட்காயின் வைக்கும் வாலட்டைத்தான் கேட்டார்.

அவர் எங்கள் முதலாளியின் மகன். கம்பெனி போத்தனூரிலிருந்து செட்டிபாளையம் போகும் சாலையில் இருக்கிறது. பம்புசெட் மோட்டாருக்குள் அடுக்கும் இரும்புத் தகடுகளைப் பிரஸ்ஸில் வெட்டிக் கொடுக்கிறோம். எனக்கு ஆபீஸில் பில் போடும் வேலை. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள் என்பதால் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா எல்லாமே என் தலையில் விழுந்தன.

வாங்கிய காயினை, அதை வாங்கி விற்கும் ஆன்லைன் எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைக்காதே, சொந்த வாலட்டுக்கு மாற்றிக்கொள் என்று யாரோ நண்பர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். அவருடைய லேப்டாப் நிரம்பிவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் போடலாம் என்று முடிவு செய்திருந்தார்.

எனக்கு நேரில் பேச வராது. படித்துப் பார்த்து, ஒரு பக்கம் டைப் செய்து அவர் மேஜையில் வைத்தேன். வாலட்டில் மூன்று வகை. முழு வாலட் இதுவரை நடந்த எல்லாப் பரிமாற்றங்களையும் இறக்கி வைத்துக்கொள்ளும். அறுநூறு ஜிபிக்கு மேல் வேண்டும். இரண்டாவது வகை எல்லாவற்றையும் இறக்கிச் சரிபார்த்துவிட்டுப் பழையதை அழித்துவிடும். அதற்கு இருபது ஜிபி போதும். மூன்றாவது லைட் வாலட். அது எதையும் இறக்காது. வேறு யாரோ வைத்திருக்கும் சர்வரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். செல்போனில் எடுத்த ஒரு சின்ன வீடியோ அளவுதான் இடம் பிடிக்கும். நமக்கு மூன்றாவது போதும் என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன்.

அவர் கூப்பிட்டார். பேப்பர் அவர் கையில் இருந்தது.

"இந்த லைட் வாலட்டுல, சர்வர்க்காரன் சொல்றதை நாம நம்போணும். அப்படித்தானுங்க?"

"ஆமாங்க சார். ஆனா காயினை எடுக்கற சாவி நம்மகிட்டத்தான் இருக்கும். அவங்களால எடுக்க முடியாதுங்க."

"எங்கப்பா நம்பி நம்பியே ரெண்டு தோட்டத்தை வித்தவரு. யாரையும் நம்ப வேண்டாம், நாமளே சரிபாத்துக்கலாம்னுதான் இதையே கண்டுபுடிச்சாங்க. அதுல போயி அடுத்தவனைக் கேக்கறதா?"

"அப்ப ரெண்டாவது போடலாமுங்க. அது நாமளே சரிபாக்கறதுதான்."

"பழசை அழிச்சுப்போடுமில்லீங்க? நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா எதைக் காட்டறது? முழுசாவே போட்டுருங்க."

"இடம் பத்தாதுங்க சார்."

"எது புடிச்சிட்டிருக்குது?"

"கேமராங்க."

மழைக்காலத்தில் இடி விழுந்து கேமராப் பதிவுப் பெட்டி புகைந்துபோனதிலிருந்து எட்டு கேமராவும் ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் பதிந்துகொண்டிருந்தன. இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடலாம் என்றேன். விலை இறங்கட்டும் என்றார். பிறகு என் திரைக்கு முன்னால் வந்து நின்று ஒவ்வொரு கட்டமாக விரலால் தொட்டார்.

"கேட் இருக்கட்டும். ஆபீஸ் இருக்கட்டும். ஸ்டோர் இருக்கோணும், காப்பர் கெடக்குது." பிரஸ் ஷாப் கட்டத்தில் விரல் நின்றது. "இங்கென்ன இருக்குது, ஆளுங்கதான? லைவ்ல தெரிஞ்சாப் போதும். பதிய வேண்டாம்."

ஒரு டிக்கை எடுத்தேன். திரையில் எதுவும் மாறவில்லை. பிரஸ் ஷாப் கட்டம் முன்பு போலவே அசைந்துகொண்டிருந்தது. அங்கே சுவரில் கேமராவின் சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. பிரஸ் ஷாப்பில் இருப்பவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று திருமூர்த்தியண்ணன் சொல்லிவிட்டார். அவர்தான் அங்கே சூப்பர்வைசர். "தெரிஞ்சா அம்புட்டுப் பேரும் போனை நோண்டிட்டு உக்காந்துக்குவாங்க அம்மணி. கேமரா மேல பயம் இருக்கட்டும்."

எல்லாருக்கும் அந்தப் பயம் இருந்தது, பொற்கொடியக்காவைத் தவிர. மூன்றாவது பிரஸ்ஸில் நிற்பவர். எங்கள் தெருதான். கம்பெனியில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, இ.எஸ்.ஐ. காப்பீட்டில் பெயர் இன்னும் ஏறவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் கேமராவை அண்ணாந்து பார்த்து, ஐந்து விரலையும் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோய், "சாப்பிட்டியா?" என்று கேட்பார். நான் என் திரையைப் பார்த்துத் தலையாட்டுவேன். அவருக்குத் தெரியாது. ஆனாலும் பதில் கிடைத்தது போலச் சிரித்துவிட்டு டிபன் பாக்ஸை எடுக்கப் போவார்.

வாலட் பல நாள் இறங்கியது. எந்த வருஷத்துப் பரிமாற்றம் வரை வந்திருக்கிறது என்று திரையில் காட்டும். 2011. 2013. கம்ப்யூட்டரின் ஃபேன் ஓயாமல் இரைந்தது. பில் அடித்தால் எழுத்து தாமதமாக வந்தது. அருண்குமார் காலையில் வந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பார். "பாருங்க எழில், ஒருத்தனும் ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது" என்பார்.

திரையில் 2017 ஓடிக்கொண்டிருந்த அன்று பிரஸ் ஷாப்பில் சத்தம் நின்றது. அங்கே சத்தம் இருக்கும்போது எங்களுக்குக் காதில் விழுவதில்லை, நின்றால்தான் விழும். என் திரையில் வாலட்டும் பில்லும்தான் திறந்திருந்தன. கேமராக் கட்டங்கள் பின்னால் மறைந்திருந்தன. எழுந்து ஓடினேன்.

பொற்கொடியக்காவின் இடது கையை யாரோ துண்டால் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் அழவில்லை. "என்ற வெரலு எங்க? வெரலு எங்க?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மெஷினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். அப்போதுதான் இரண்டு கையும் வெளியில் இருக்கும். ஆனால் அப்படி அழுத்தினால் தகட்டை மெதுவாகத்தான் வெட்டும். அதனால் இடது பட்டனைச் சைக்கிள் டியூப் ரப்பரால் அழுத்தமாகச் சுற்றிவிடுவார்கள். வலது கை பட்டனை அழுத்தும், இடது கை தகடு தள்ளும். நான் போனபோது ரப்பர் இல்லை. பட்டனைச் சுற்றி எண்ணெய் படியாத ஒரு வளையம் மட்டும் தெரிந்தது. சற்று நேரத்தில் திருமூர்த்தியண்ணன் வேஸ்ட் துணியால் மெஷின் முழுவதையும் துடைத்துவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அருண்குமார் போகும்போது துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார். ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கினார். இரண்டு விரல் போயிருந்தது. அருண்குமாரைப் பார்த்ததும் பொற்கொடியக்கா எழுந்து உட்காரப் பார்த்தார்.

"படுத்துக்கங்க, படுத்துக்கங்க. பெரிய கேஸ் ஆகிப்போச்சுங்க. பட்டனை நீங்களே கட்டியிருந்தா கம்பெனி ஒண்ணும் செய்ய முடியாது. சட்டம் அப்படித்தானுங்க இருக்குது."

"நானு கட்டலீங்க சார். நேத்துக் காலையில திருமூர்த்தியண்ணந்தானுங்க சுத்துனாரு. டார்கெட் ஏறலைன்னு சத்தம் போட்டுட்டே சுத்துனாரு." வலது கையால் என்னைக் காட்டினார். "கேமராவுல இருக்குமுங்க. எழிலைக் கேளுங்க, அவ போட்டுக் காட்டுவா."

அருண்குமார் குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் உயர்த்துவதில்லை.

"பாத்துட்டுத்தானுங்க வாரேன். ரெண்டு வாட்டி பாத்தேன். நீங்கதான் சுத்தறீங்க."

நான் தரையைப் பார்த்தேன். பொற்கொடியக்காவின் முகத்தில் கோபம் வரும் என்று நினைத்தேன். கோபம் வரவில்லை. யோசனை வந்தது.

"முந்தாநேத்து ஒருவாட்டி அவுந்துச்சு, நாந்தான் முடிஞ்சேன்" என்றார் மெதுவாக. "நேத்தும் நானேதான் சுத்திப்போட்டனா? எனக்கு நெனப்பில்லீங்களே சார்."

"மருந்து மயக்கமுங்க. அப்படித்தான் இருக்கும். ஆஸ்பத்திரிச் செலவை நாங்க பாத்துக்கறோம். பெருக்கற வேலை போட்டுத் தாரோம். ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க."

வெளியே வராண்டாவில், "சார், அந்தக் கேமரா பதியலீங்களே" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவருக்குக் கேட்டது. "எனக்குத் தெரியாதுங்களா எழில்?" என்றார். காரில் ஏறியதும் ஏசியை எனக்குத் தோதாகத் திருப்பி வைத்தார்.

அடுத்த நாள் தனியாகப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆர்லிக்ஸ் பாட்டில் பிரிக்காமல் இருந்தது.

"அக்கா, அவரு பொய் சொல்றாரு. அந்தக் கேமரா எதையும் பதியறதே இல்லை. நெறைய நாளாச்சு."

"செவப்பு லைட்டு எரியுதே கண்ணு."

"லைட்டு எரியும். லைவா தெரியும். பதியாது. கம்ப்யூட்டர்ல இடம் இல்லை."

"என்னத்துக்கு இடமில்லை?"

சொன்னேன். காயின், வாலட், உலகத்தின் மொத்தக் கணக்கு. எனக்குத் தெரிந்த அளவு எளிமையாகச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"வாலட்டுன்னா பர்சுதான?"

"அது மாதிரிதான்."

"பர்சுக்கு எதுக்குடி அம்புட்டு இடம்?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "உன்னைய அழிக்கச் சொன்னாங்களா? நெசத்தைச் சொல்லு. நீ அழிச்சுப்போட்டியா?"

"இல்லக்கா. அழிக்கறதுக்கு எதுவுமே இல்லை. பதிஞ்ச பைலோட தேதி எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குது. பிரஸ் ஷாப் எந்த நாளோட நின்னுச்சுன்னு காட்டலாம். நான் போட்டோ எடுத்து வெச்சிருக்கறேன்."

போனைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்டாச்சு கண்ணு" என்றார்.

தொழிற்சாலை ஆய்வு அதிகாரி வந்தபோது பொற்கொடியக்கா விளக்குமாற்றோடு வேலைக்குத் திரும்பியிருந்தார். அவரை ஆபீஸுக்கு அழைத்து நிற்க வைத்தார்கள். அதிகாரி கேமராப் பதிவைக் கேட்டார்.

"முப்பது நாளைக்கு மேல நிக்காதுங்க சார், மேல மேல பதிஞ்சு அழிஞ்சிருமுங்க" என்றார் அருண்குமார்.

நான் எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் சுவரில் இடித்தது. "பதியவே இல்லீங்க சார்" என்றேன். "பிரஸ் ஷாப்புது பதியவே இல்லீங்க. இவங்க எதையும் பாக்கலீங்க." நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. போனை நீட்டினேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு பொற்கொடியக்காவைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா. யாரு கட்டுனது?" என்றார்.

"நாந்தானுங்க." யோசிக்கவே இல்லை. "அவ சின்னப்புள்ளைங்க சார். ஆபீஸ்ல உக்காந்திருக்கறவ, அவளுக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்? எம்மேல இருக்கற பாசத்துல பேசறா. வேற ஒண்ணுமில்லீங்க."

அவர் சொன்னதை அதிகாரி எழுதிக்கொண்டார். என் போனின் திரை அணைந்திருந்தது.

அதிகாரி போன பிறகு அருண்குமார் என் மேஜைக்கு வந்தார். "உங்களுக்கு உடம்பு சரியில்லாதாட்டத் தெரியுது எழில். ரெண்டு நாள் லீவு எடுத்துட்டு வாங்க" என்றார். நிஜமாகவே அக்கறையாகத்தான் சொன்னார்.

மாலையில் பஸ் நிறுத்தத்தில் பொற்கொடியக்கா எனக்கு முதுகைக் காட்டி நின்றார். பஸ் வந்ததும், "உனக்கும் வேலை போயிட்டா உங்கம்மா என்ன பண்ணும்?" என்று திரும்பாமலே கேட்டுவிட்டு ஏறினார்.

வாலட் முழுவதும் இறங்கி முடிந்தது. பிறகு அவிநாசியில் ஒரு கல்யாணத்தில் அருண்குமாரின் நண்பர் தன் காயின் இருப்பைப் போனிலேயே எடுத்துக் காட்டியிருக்கிறார். இவருடையது போத்தனூரில், கரண்ட் போன கம்பெனியில் இருந்தது. மறுநாள் காலை வந்ததும் போனில் லைட் வாலட்டைப் போடச் சொன்னார். அதற்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"இதே போதுமில்லீங்க? நீங்க அப்பவே அழுத்திச் சொல்லியிருக்கலாமுங்க எழில். கம்ப்யூட்டர்ல இருக்கறதை எடுத்துப்போடுங்க."

எடுத்துப்போட்டேன். அறுநூறு ஜிபி காலியானது. அவர் கேட்காமலே பிரஸ் ஷாப் கட்டத்தில் டிக்கை வைத்தேன். அவர் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது இடம் இருந்தது.

சாப்பாட்டு மணி அடித்தபோது திரையைப் பெரிதாக்கினேன். மூன்றாவது பிரஸ்ஸில் புதிதாக வந்த பெண் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடது பட்டனில் கறுப்பு ரப்பர் சுற்றியிருந்தது. பொற்கொடியக்கா தகட்டுச் சீவல்களைக் கூட்டிக்கொண்டே கேமராவுக்குக் கீழே வந்து நின்றார். வெகுநாளைக்குப் பிறகு அண்ணாந்து பார்த்தார். சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. விளக்குமாற்றால் அந்தப் பட்டனைக் காட்டி, வாயை மட்டும் அசைத்து, "இப்பப் பதியுதா?" என்றார்.

நான் தலையாட்டினேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் அண்ணாந்தே நின்றிருந்தார். பிறகு குனிந்து கூட்ட ஆரம்பித்தார்.