மூன்றாவது கோப்பைக்குப் பிறகு

ஈரச் சப்பாத்துகளைக் கையில் பிடித்தபடி அந்தப் பெண் சமையலறை வாசலில் வந்து நின்றபோது, நான் ஊர் மண்டபத்துத் தேநீர்ப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காலை வணக்கம் சொல்லி, அடுப்பருகே காலுறையை உலர்த்தலாமா என்று நல்ல ஜேர்மன் மொழியில் கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இருவரிடமும் இருந்தது ஒரே கேள்விதான். கேட்பதற்கு எனக்குத் துணிவு வரவில்லை.

“நீங்க தமிழா சார்?” என்று அவள்தான் கேட்டாள்.

“ஓம் பிள்ளை. உள்ளுக்கு வாங்கோ” என்றேன். என்னை ஒருவர் ‘சார்’ என்று அழைத்து மூன்று வருடங்களாகியிருந்தன.

அது எண்பத்தாறாம் ஆண்டு ஒக்டோபர். வடகடலோரம், கடலணைக்குப் பின்னால் பதுங்கிக் கிடக்கும் ஒரு சிறு ஊரின் ஹைமில், அதாவது அகதிகள் விடுதியில், நாங்கள் ஆறு தமிழர்கள் இருந்தோம். அகதி வழக்கு முடியும்வரை வேலை செய்ய எங்களுக்கு அனுமதியில்லை. ஆனால் ஊருக்குத் தொண்டு செய்யலாம். என் பங்குக்கு வந்தது ஊர் மண்டபம். கூட்டுவது, அடுப்பு மூட்டுவது, கூட்டம் நடந்தால் தேநீர் ஊற்றுவது. அந்தப் பெண் நேர்முகத்துக்கு வந்த வேலையின் விளம்பரத்தை அறிவித்தல் பலகையில் குத்தியதும் நான்தான். இரண்டு கரையோரக் கிராமங்களுக்கும் எதிரே இருக்கும் ஒரு தீவுக்கும் பொதுவாக, பொருளாதார மேம்பாட்டுக்கு முதுநிலை முகாமையாளர் தேவை என்று அதில் எழுதியிருந்தது. ஹைமில் என் அறையைப் பகிர்ந்துகொண்ட முருகேசு கூட நின்று அதை எழுத்துக் கூட்டி வாசித்தான்.

“அண்ணை, ஊரிலை மூண்டு தீவுக்குக் கோப்பரேட்டிவ் இன்ஸ்பெக்டரா இருந்த ஆள் நீங்கள். இஞ்சை ஒரேயொரு தீவு. உங்களுக்கு இது அரைநாள் வேலையெல்லோ?”

நான்காவது மூலையிலும் ஒரு குண்டூசியைக் குத்திவிட்டு வந்தேன். அன்று முழுவதும் அந்த விளம்பரம் மனதுக்குள் கிடந்தது. பொறாமை என்று சொல்ல முடியாது. தெரிந்த தெருவொன்றை இன்னோர் ஊரின் வரைபடத்தில் கண்டதுபோல ஓர் உணர்வு.

காலுறை உலர்வதற்குள், வைதேகி என்ற அந்தப் பெண் தன் கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். ஊர் கும்பகோணம். ஹனோவர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. ஆட்கள் குறைந்துகொண்டே போகும் ஊர்களைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதி முனைவர் பட்டம் வாங்கியிருந்தாள். டிசெம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது, அதோடு விசாவும். இந்த வேலை கிடைத்தால் இருக்கலாம். இல்லையென்றால் ஜனவரியில் விமானம்.

“இதுவரைக்கும் பதினொரு எடத்துக்கு அப்ளை பண்ணினேன் சார். பதினொரு பேரும் என் எதிர்காலத்துக்கு ஆல் த பெஸ்ட் சொல்லி லெட்டர் போட்டுட்டாங்க. இவ்வளவு வாழ்த்து வாங்கின எதிர்காலம் வேற யாருக்கும் இருக்காது.”

சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்ததும் காலுறையை மறுபக்கம் திருப்பி, வேண்டியதற்கும் அதிக நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது நான் அவளுக்கு ஒன்று சொல்லியிருக்க வேண்டும். இந்த ஊரில் நேர்முகம் கேள்வியில் தொடங்குவதில்லை, தேநீரில் தொடங்குகிறது. ஊர்த் தலைவி மக்டலீன், என் பெயரைக் கேட்பதற்கு முன்பே எனக்கு அதைக் கற்றுத் தந்திருந்தாள். முதலில் கோப்பையில் ஒரு கற்கண்டுக் கட்டி. அதன்மேல் கொதிக்கும் தேநீர். கட்டி வெடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். ஓரமாகப் பாலேடு. கலக்கக் கூடாது. முதல் கோப்பை முடியும்வரை யாரும் பேசுவதில்லை. மூன்று கோப்பைக்குப் பிறகே காரியப் பேச்சு. போதும் என்பவர் கரண்டியைக் கோப்பைக்குள் வைப்பார். வைக்கும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விருந்தாளியின் கோப்பை வெறுமையாக இருந்தால் வீட்டுக்காரருக்கு அவமானம். அந்த முதல் கோப்பையின் அமைதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இந்த நாட்டில் எனக்கு முதலில் விளங்கிய மொழி அதுதான்.

முந்தைய நாட்களில் நேர்முகத்துக்கு வந்த இரண்டு பேரும் அங்கேதான் விழுந்தார்கள். ஹம்பேர்க்கிலிருந்து வந்தவர், முதல் கோப்பையில் ஆவி அடங்குவதற்குள் பெரிய விடுமுறைப் பூங்கா ஒன்றின் வரைபடத்தை மேசையில் விரித்தார். தெற்கிலிருந்து வந்தவர் மணியடிப்பதுபோலக் கலக்கிவிட்டு, கோப்பி கிடைக்குமா என்று கேட்டார்.

ஆனால் எதையும் சொல்வதற்கு முன் மனதுக்குள் ஒருமுறை ஒழுங்குபடுத்திப் பார்ப்பது என் வழக்கம். நான் ஒழுங்குபடுத்தி முடிப்பதற்குள் மாவட்டக் காரியாலயத்து எழுதுவினைஞர் வந்து அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மண்டபத்து வாசலருகே ஒரு சிறிய மேசை. அதில் கற்கண்டு நிரம்பிய வெள்ளிக் கிண்ணத்தை நான்தான் வைத்திருந்தேன், எடுத்துப் பரிமாறச் சுலபமாக இருக்கட்டுமென்று. வைதேகி உள்ளே நுழைந்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், கல்யாண வீட்டு வாசலில் எடுப்பதுபோல இயல்பாக ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். சந்தனத்தையும் பன்னீரையும் அவள் கண்கள் தேடியதுபோலக்கூட எனக்குத் தோன்றியது. எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் இது கல்யாண வீட்டுக் கற்கண்டு அல்ல. கட்டைவிரலின் பாதியளவு இருக்கும், பல்லால் உடைக்க முடியாது. இரண்டடி நடந்த பிறகுதான் அது அவளுக்குத் தெரிந்தது. கன்னம் புடைத்திருக்க, வாயைத் திறக்க முடியாமல், மூன்று ஊர்த் தலைவர்களுக்கும் தலையை மட்டும் அசைத்து வணக்கம் தெரிவித்துவிட்டு உட்கார்ந்தாள்.

நான் ஊற்றினேன். அவள் கோப்பையில் கட்டி போடவில்லை, அதுதான் வாயிலேயே இருந்ததே. மற்றக் கோப்பைகளில் கட்டிகள் வெடித்தன. வெளியே அணையின்மேல் காற்று ஓடியது. நடுவில் மக்டலீன். இடப்பக்கம் பக்கத்துக் கிராமத்தின் தலைவர், ஆட்டுப்பண்ணைக்காரர் எய்லெர்ட். வலப்பக்கம் தீவின் தலைவர் ஹின்றிக். எழுபது வயது, சொற்களைச் செலவழிக்க விரும்பாத மனிதர். நான்கு பேரும் பேசாமல் குடித்தார்கள். வைதேகி கற்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அதன் வழியாகத் தேநீரை மெல்ல உறிஞ்சினாள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்து வளர்ந்தவன் நான். அவள் அதைச் செய்த விதத்தில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. ஹின்றிக் அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கோப்பையின் முடிவில் கட்டி கரைந்து வாய் விடுதலையானதும், அவள் முகம் சிவக்க மன்னிப்புக் கேட்டாள். தங்கள் ஊரில் வாசலில் கற்கண்டு வைத்திருந்தால் எடுத்து வாயில் போடுவதுதான் மரியாதை என்றாள். எழுதுவினைஞர் எதையோ குறித்துக்கொண்டார். ஹின்றிக் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

“என் அப்பா படகில் இப்படித்தான் குடிப்பார்” என்றார். அவ்வளவுதான்.

மூன்றாவது கோப்பைக்குப் பிறகு கேள்விகள் தொடங்கின. அந்த மூன்று ஊர்களும் துறைமுகப் பணத்துக்காக ஆறு வருடங்களாக ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசாதவை. மூன்று தலைவர்களும் ஒரே மனதாகக் கேட்டால் மட்டுமே மாவட்டம் அவளுக்காக விசா அலுவலகத்துக்கு எழுதும் என்று எழுதுவினைஞர் இரண்டு தடவை நினைவூட்டினார். எய்லெர்ட் துறைமுகத்தைப் பற்றிக் கேட்டார். தான் இன்னும் கணக்குப் பார்க்கவில்லை, பார்க்காமல் சொன்னால் பொய்யாகிவிடும் என்றாள். அது நல்ல பதிலா கெட்ட பதிலா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. நான் நான்காவது கோப்பையை ஊற்றினேன். அவள் நன்றி சொல்லிக் குடித்தாள். கரண்டி தட்டில் கிடந்தது. ஐந்தாவதையும் ஊற்றினேன்.

பிறகு ஹின்றிக் கேட்டார். “எங்கள் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். நீங்கள் அவர்களைத் தடுப்பீர்களா?”

கற்கண்டு இல்லாமலேயே பேசாமல் இருக்கவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

“மாட்டேன்” என்றாள். “நானே ஊரை விட்டு வந்தவள். போகிறவர்களை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் நான்கு வருடங்களில் உங்கள் மூன்று ஊர்களிலும் பதினான்கு குழந்தைகள் பிறந்திருக்கின்றன. பதினான்கும் நாற்பது கிலோமீற்றர் தள்ளியிருக்கிற பட்டணத்தில். ஏழு குடும்பங்கள் அங்கேயே இருந்துவிட்டன. உங்கள் மருத்துவிச்சி ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு நீங்கள் யாரையும் எடுக்கவில்லை. முதல் வருடப் பணத்தில் நான் ஒரு மருத்துவிச்சியையும், அவளுக்கு எந்தக் காற்றிலும் போகக்கூடிய ஒரு படகையும் கேட்பேன். துறைமுகத்தைப் பற்றி அதற்குப் பிறகு சண்டை போடுவோம்.”

யாரும் பேசவில்லை. அது முதல் கோப்பையின் அமைதியைப் போன்றதல்ல. ஹின்றிக்கின் மகளும் அந்த ஏழில் ஒருத்தி என்பது எனக்குத் தெரியும். வைதேகிக்குத் தெரியாது. செய்வதறியாமல் ஆறாவது கோப்பையை ஊற்றினேன். அவள் அதையும் குடித்தாள். ஏழாவதை ஊற்றும்போது அவள் முழங்கால் மேசைக்கடியில் ஆடத் தொடங்கியிருப்பதைக் கண்டேன். எய்லெர்ட் கேட்ட கேள்வியொன்று அவள் காதில் விழவேயில்லை. திரும்பக் கேட்டார். அரைகுறையாகப் பதில் சொன்னாள். நல்லாய்ப் போய்க்கொண்டிருந்த காரியம் என் கையிலிருந்த பாத்திரத்தால் கெடப்போகிறது என்று விளங்கியது. ஊற்றாமல் நின்றால் மக்டலீனுக்கு அவமானம். ஊற்றினால் இந்தப் பிள்ளைக்கு. பேசாமல் இருப்பது எனக்கு எப்போதும் பாதுகாப்பான இடமாக இருந்திருக்கிறது. சமையலறையிலும் அங்கேதான் நின்றேன். அதன் பலனை ஏழு கோப்பையாக அவள் குடித்துக்கொண்டிருந்தாள்.

எட்டாவதற்குக் குனிந்தபோது சொன்னேன். “பிள்ளை, அந்தக் கரண்டியைக் கோப்பைக்குள்ளை வையுங்கோ. இல்லாட்டி நான் விடியும்வரைக்கும் ஊத்திக்கொண்டுதான் இருப்பன்.”

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கரண்டியை எடுத்து, பூ வைப்பதுபோலக் கோப்பைக்குள் வைத்தாள்.

எழுதுவினைஞர் பேனாவை உயர்த்தினார். நேர்முகம் நடக்கும்போது அறையிலிருப்பவர் வேட்பாளருடன் அந்நிய மொழியில் பேசியிருக்கிறார், பதில் சொல்லிக் கொடுத்தாரா என்பது தெரியாது, இதைப் பதிவு செய்தால் முழு நேர்முகமும் செல்லாமல் போகலாம் என்றார். பாத்திரத்தை மேசையில் வைத்தேன். இதற்காகத்தான் நான் வாயைத் திறப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன். வைதேகியின் முகம் பதினோராவது கடிதத்தைப் பிரித்த முகம்போல இருந்தது.

“என்ன சொன்னாய், றெஜினோல்ட்?” என்று மக்டலீன் கேட்டாள்.

எனக்குத் தெரிந்த ஜேர்மனில் அதை அப்படியே சொன்னேன். ‘விடியும்வரைக்கும்’ என்பதற்குச் சரியான சொல் வராமல் ‘நாளை சூரியன்வரை’ என்றேன். பிறகு ஹின்றிக்கின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. சத்தமே இல்லை. அவர் சிரிப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதனால் முதலில் நெஞ்சு வலியோ என்று பயந்துவிட்டேன். எய்லெர்ட் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை?” என்று மக்டலீன் வைதேகியிடம் கேட்டாள்.

ஊற்றுகிறவரின் கையைத் தடுக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள் என்று வைதேகி சொன்னாள்.

மக்டலீன் எழுதுவினைஞர் பக்கம் திரும்பினாள். “எழுதுங்கள். தேநீர் ஊற்றுபவர் கரண்டியைப் பற்றி ஆலோசனை சொன்னார் என்று எழுதுங்கள். நான்கு கோப்பை பிந்திச் சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.”

அவர் எழுதினார். அதற்குள் வைதேகி எழுந்து, கழிப்பறை எங்கே என்று இரண்டு மொழிகளையும் கலந்து கேட்டுவிட்டு ஓடினாள்.

முடிவு இரண்டு வாரத்தில் கடிதமாக வரும் என்று எழுதுவினைஞர் அறிவித்துவிட்டுத் தன் காரில் போய்விட்டார். வைதேகி சமையலறைக்கு வந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டாள்.

“பன்னெண்டாவது வாழ்த்து வந்தா உங்களுக்கும் ஒரு காப்பி அனுப்பறேன் சார்.”

“அனுப்புங்கோ” என்றேன். சொல்வதற்கு இன்னொன்று இருந்தது. இந்தத் தடவை ஒழுங்குபடுத்தாமலே சொன்னேன். “அந்த மருத்துவிச்சிக் கதை நல்ல கதை. எனக்கு அந்த யோசனை வந்திராது.”

அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். நான் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன். நாலு பத்துக்குக் கடைசி பஸ். அது வந்து மண்டபத்துக்கு எதிரே நிற்கும் சத்தம் கேட்டது. புறப்படும் சத்தம் மட்டும் கேட்கவில்லை. ஈரக்கையால் யன்னல் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். பஸ் கதவைத் திறந்தபடி, உள்ளே விளக்கெல்லாம் எரிய, பயணி ஒருவருமில்லாமல் நின்றது. கடலணையின்மேல் நாலு பேர் நின்றார்கள். ஹின்றிக் கையை நீட்டித் தண்ணீருக்கு அப்பால் எதையோ காட்டினார். எய்லெர்ட் அவர் கையைப் பிடித்துக் கொஞ்சம் இடப்பக்கமாகத் திருப்பினார். மக்டலீன் இரண்டு பேரையும் மறுத்து வேறு திசையைக் காட்டினாள். நடுவில் வைதேகி, காற்றில் பறக்கும் தலைமுடியை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மூன்று பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். சாரதி பஸ்ஸிலிருந்து இறங்கினார். அணைப்பக்கம் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு உள்ளே ஏறி, எஞ்சினை நிறுத்தினார்.